உங்களுக்குத் தெரியுமா? காலேஜ் கேட்டுக்குள்ளே கொட்டிக்கிடக்கும் ஆரோக்கியம்!

காலேஜ் கேன்டீன். பேப்பர் கப்பில் சூடான டீ. அரட்டையில் கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. அந்த 15 நிமிடத்தில் டீக்குள் என்ன இறங்கியிருக்கும் தெரியுமா? 25,000 மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள்! எண்ணிச் சொன்னதும் ஒரு கேம்பஸ்தான். ஐ.ஐ.டி. கரக்பூர், 2020-ல்!

பேப்பர் கப்பில் பிளாஸ்டிக் ஏது என்கிறீர்களா? இருக்கிறது! டீயில் கப் ஊறிவிடாமல் இருக்க உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. 85, 90 டிகிரி சூட்டில் 100 மில்லி ஊற்றினால் போதும், அது உதிர ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று டீ குடிப்பவரா நீங்கள்? உங்கள் கணக்கு 75,000 துகள்கள்!

எவர்சில்வர் டம்ளரில் அந்தப் படலமே கிடையாது. கழுவினால் அடுத்த டீக்கு ரெடி. குப்பைத்தொட்டியும் காலி, வயிறும் சுத்தம்! இந்த ஆய்வைப் படித்த அன்றைக்கே என் பையில் ஒரு டம்ளர் ஏறிவிட்டது!

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை தமிழ்நாடு எப்போது தடை செய்தது தெரியுமா? 2019 ஜனவரி 1! ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருட்களின் பட்டியலில் அதுவும் உண்டு. கரக்பூர் ஆய்வு வெளிவருவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பே! நம் ஊருக்கு ஒரு சபாஷ் போடுங்கள்!

சூடாக இருந்தால்தானே வம்பு, ஜில்லென்று குடித்தால்? அதையும் பார்த்துவிட்டார்கள்! ஹார்வர்டில் 77 மாணவர்கள். முதல் வாரம் எவர்சில்வர் பாட்டில். அடுத்த வாரம் பாலிகார்பனேட் என்னும் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில். இரண்டிலும் குளிர்ந்த பானங்கள்தான். ஒரே வாரத்தில் அவர்கள் சிறுநீரில் பி.பி.ஏ. என்ற ரசாயனம் எவ்வளவு ஏறியது? 69 சதவீதம்!

கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சொன்ன எண்ணிக்கை இது. ஒரு லிட்டரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள்! அதில் 90 சதவீதம் நானோ அளவு. தலைமுடியெல்லாம் அதன் முன்னால் தூண்!

2018-ல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியா கேம்பஸ் 9 நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைச் சோதித்தது. பிளாஸ்டிக் தட்டுப்பட்டது எத்தனையில்? 93 சதவீதத்தில்!

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013-ல் தண்ணீர் பாட்டில் விற்பனையையே நிறுத்தியது. பிரமாதம் என்று கைதட்டாதீர்கள், இருங்கள்! மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்திலிருந்த சர்க்கரை பானங்களை எடுத்தார்கள்! கேம்பஸுக்குள் வந்த பாட்டில்களும் கூடின, குடித்த சர்க்கரையும் கூடியது! கடைக்குத் தடை போட்டார்கள், கைக்குச் சொந்தப் பாட்டில் வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு பாட்டில், வராந்தாவில் நல்ல குடிநீர்க் குழாய். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வெற்றி!

மெஸ்ஸுக்குள் போவோமா? பசி வந்துவிட்டது!

பெயரை மாற்றினால் காய் விற்கும்! சத்தியம்! ஸ்டான்ஃபோர்டு கேன்டீனில் 46 நாள், 27,933 சாப்பாட்டுக்காரர்கள். ஒருநாள் பலகையில் வெறும் 'பீட்ரூட்'. இன்னொரு நாள் 'டைனமைட் மிளகாய், எலுமிச்சை பீட்ரூட்'. சமையல் ஒன்றுதான், மாறியது பெயர் மட்டும்! நாக்கில் எச்சில் ஊறவைக்கும் பெயர் வைத்த நாளில் காய் எடுத்தவர்கள் 25 சதவீதம் அதிகம். 'சர்க்கரை குறைவு, கொழுப்பு குறைவு' என்று எழுதிய நாளோடு ஒப்பிட்டால்? 41 சதவீதம் அதிகம்! ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்காரர்களே, 'கோஸ் பொரியல்' என்று எழுதும் சாக்பீஸை இப்போதே கீழே வையுங்கள்!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2016-ல் தன் கேன்டீன்களில் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் நிறுத்தியது. பலன்? வாங்கும் ஒவ்வொரு கிலோ உணவுக்கும் கார்பன் வெளியீடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!

அதே கேம்பிரிட்ஜில் இன்னொரு விளையாட்டு. நான்கு உணவில் ஒன்றுதான் சைவம் என்றிருந்ததை இரண்டாக்கினார்கள். யாரையும் வற்புறுத்தவில்லை. 94,000-க்கும் மேற்பட்ட சாப்பாடுகளை எண்ணிப் பார்த்தார்கள். சைவ விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை எகிறியது!

உடம்புக்கு அதனால் என்ன என்கிறீர்களா? ஸ்டான்ஃபோர்டு 22 ஜோடி இரட்டையர்களைப் பிடித்தது. ஒரே முகம், ஒரே மரபணு! ஒருவருக்கு அசைவமும் உண்டு. மற்றவருக்குப் பால், முட்டைகூடக் கிடையாது, முழுக்கத் தாவர உணவு. எட்டே வாரம்! தாவர உணவு சாப்பிட்டவருக்கு கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக இறங்கியது. வெறும் வயிற்று இன்சுலின் இறங்கியது சுமார் 20 சதவீதம்!

தட்டு வைக்கும் ட்ரேயை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வாஷிங்டனில் இருக்கிற அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தார்கள். இரண்டு கையில் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் எடுக்க முடியும். வீணாகும் சாப்பாடு 32 சதவீதம் குறைந்தது! கழுவ வேண்டிய தட்டு 27 சதவீதம் குறைந்தது! கண்ணால் பார்த்து அள்ளுவதும் நின்றது!

கம்பு, கேழ்வரகு, தினை, சாமை. குறைந்த தண்ணீரில் விளைபவை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ரிசாட் 2021-ல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இவற்றைச் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதம், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 15 சதவீதம் குறைவு! பாட்டி ஊற்றிய கூழுக்கு விஞ்ஞானம் கையெழுத்துப் போட்டுவிட்டது!

1967. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் கேம்பஸ். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்த ஆலன் சாட்விக் என்பவர் வந்து இறங்குகிறார். கையில் மண்வெட்டி. கரடுமுரடான ஒரு சரிவைக் கொத்த ஆரம்பிக்கிறார். மாணவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இன்று அங்கே அவர் பெயரில் தோட்டம், கூடவே 30 ஏக்கர் இயற்கைப் பண்ணை!

தோட்டம் போட்டால் தட்டே மாறுமாம்! கொலராடோ பல்கலைக்கழகம் 291 பேரை வைத்து ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. சமூகத் தோட்டத்தில் பாத்தி கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடத் தினமும் 1.4 கிராம் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டார்கள். யாரும் சொல்லாமலே!

சரி, சாப்பிட்டாயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பாருங்கள். எவ்வளவு நேரம்? 40 வினாடி! மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 150 மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். நடுவே 40 வினாடி இடைவெளி. பூத்துக் கிடக்கும் பச்சை மாடியைப் பார்த்தவர்கள் தவறு குறைவாகச் செய்தார்கள். வெறும் கான்கிரீட் மாடியைப் பார்த்தவர்களுக்கு? கவனம் சிதறியது!

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 5 உயர்நிலைப் பள்ளிகள், 94 மாணவர்கள். ஜன்னல் வழியே மரம் தெரிந்த வகுப்பில் இருந்தவர்களின் மனஅழுத்தம் சீக்கிரம் இறங்கியது. ஜன்னல் இருந்து சுவர் மட்டும் தெரிந்தால்? ஜன்னலே இல்லாததற்குச் சமம்!

மரத்தடியில் உட்கார எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? கார்னெல் பல்கலைக்கழகம் கல்லூரி வயதினருக்கென்றே கணக்குப் போட்டது. வெறும் 10 நிமிடம்! மனம் லேசாக அது போதும்!

மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களை ஒருநாள் மரத்தோட்டத்தில் நடக்க விட்டார்கள். இன்னொரு நாள் கடைவீதியில். ஐம்பது நிமிடத்துக்கும் மேல் நடை. மரங்களுக்கு நடுவே நடந்த நாளில் ஞாபகசக்தி சுமார் 20 சதவீதம் கூடியது! இதில் உச்சம் எது தெரியுமா? கொட்டும் ஜனவரிக் குளிரில், பிடிக்காமல் நடந்தவர்களுக்கும் அதே பலன்!

ஜப்பானில் காட்டுக்குள் சும்மா நிற்பதற்கே ஒரு பெயர் உண்டு. ஷின்ரின்-யோகு. 1982-ல் வனத்துறை வைத்த பெயர். 24 காடுகளில் 280 பேரை உட்காரவும் நடக்கவும் விட்டு அளந்தார்கள். நகரத்தோடு ஒப்பிட்டால் ரத்த அழுத்தம் குறைவு, நாடித்துடிப்பு குறைவு, மனஅழுத்த ஹார்மோன் கார்டிசால் குறைவு. வந்தவர்கள் யார்? கல்லூரி மாணவர்கள்!

தாம்பரத்தில் மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரி எத்தனை ஏக்கர் தெரியுமா? 365! வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏக்கர்! 1937-ல் அங்கே குடியேறியபோது சுற்றிலும் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் மனைவி ஆலிஸும் மரம் மரமாக நட்டார்கள். பாடம் ரசாயனம், ஆசை மரம்!

கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் வகுப்புக்குச் சைக்கிளில் போகும்போது வெளிமானும் புள்ளிமானும் குறுக்கே போகும்! ஹாஸ்டல்களின் பெயர்கள் எல்லாம் ஆறுகள். காவேரி, தாமிரபரணி, கோதாவரி, நர்மதா!

மரத்தடி வகுப்பு என்றால் சாந்திநிகேதன். தாகூர் 1901-ல் பள்ளியைத் தொடங்கினார். 1928-லிருந்து மரம் நடுவதே அங்கே ஒரு திருவிழா. 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்!

வெளியே உட்கார்ந்து படித்தால் கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகள். பாதிப் பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு. மூன்று வருடம் கழித்துக் கண்ணைச் சோதித்தார்கள். மற்ற பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம். வெளியே போனவர்களில் 30.4 தான்! கண்ணாடிக் கடைக்குப் போகாமல் தப்பிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கே சந்தோஷம்!

ஜன்னலைத் திறங்கள்! கெஞ்சிக் கேட்கிறேன், திறங்கள்! தைவானின் தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியது. காரணம் தேடி வகுப்பறைக் காற்றை அளந்தார்கள். கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 3,200 பங்கு! ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றோட்டத்தைச் சீர்செய்து அதை 600-க்கு இறக்கினார்கள். அங்கே அதற்குப் பிறகு தொற்று எவ்வளவு குறைந்தது? நல்ல காற்றினால் மட்டும் 97 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் மருத்துவமனை அறைகளை அளந்தார்கள். மெஷின் வைத்துக் காற்றடித்த அறையில் மணிக்கு 12 முறை காற்று மாறியது. ஜன்னலும் கதவும் திறந்த அறையில் 28 முறை! மின்சாரச் செலவு பூஜ்யம்!

இதைத்தான் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லிலேயே செய்தார். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கேம்பஸைப் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாகச் செங்கல் ஜாலி. காற்று உள்ளே நடந்து வரும், வெயில் வாசலிலேயே நின்றுவிடும்!

ராத்திரி ஆச்சு. ரூம் லைட்டை அணைத்தீர்களா? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 20 பேரைத் தூங்க வைத்தது. சிலருக்கு மங்கலான அறை. சிலருக்கு 100 லக்ஸ் வெளிச்சம், அதாவது வராந்தா லைட் எரிகிற மாதிரி. ஒரே ஒரு ராத்திரி! வெளிச்சத்தில் தூங்கியவர்களின் இதயம் வேகமாகத் துடித்தது, காலையில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை! கண் மூடியிருந்தது, உடம்பு விழித்திருந்தது!

தூக்கம் வரவில்லையா? பகலில் வெளியே போனீர்களா என்று கேட்கிறது சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம். 507 மாணவர்களின் கையில் கருவி கட்டி அளந்தார்கள். பகல் வெளிச்சத்தில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்புக் கடிகாரத்தை 30 நிமிடம் முன்னே தள்ளியது! வெயிலுக்குக் கரன்ட் பில் கிடையாது!

சைக்கிள் ஸ்டாண்டுக்கு வாருங்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரம். 1967-ல் அமெரிக்காவின் முதல் சைக்கிள் லேன் போட்ட ஊர்! அங்கே பல்கலைக்கழகத் தலைவர் எமில் மிராக், புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு என்ன சொன்னார் தெரியுமா? சைக்கிளோடு வாருங்கள்! கட்டடக் கலைஞர்களிடமும் அதைத்தான் சொன்னார். முதலில் சைக்கிள், மரம். பிறகு கட்டடம்!

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2017-ல் 2,63,450 பேரின் கணக்கைப் புரட்டியது. வேலைக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு இதய நோய் ஆபத்து 46 சதவீதம் குறைவு! புற்றுநோய் 45 சதவீதம் குறைவு! எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து 41 சதவீதம் குறைவு! பெட்ரோல் செலவு? 100 சதவீதம் குறைவு!

சைக்கிள் இல்லையா, நடங்கள். ஸ்டான்ஃபோர்டில் நடந்துகொண்டே யோசித்தவர்களுக்குப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் அதிகம் வந்தன. வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தபோதும் யோசனை கூடியது! அசைன்மென்ட் நகரவில்லையா? முதலில் நீங்கள் நகருங்கள்!

ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதற்கும் ஒரு பெயர் உண்டு. பிளாக்கிங். சுவீடனில் 2016-ல் பிறந்தது. குனிந்து நிமிர்வதெல்லாம் உடற்பயிற்சிக் கணக்கில்!

ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள்? 21 என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 96 பேரை வைத்துப் பார்த்தது. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு பாட்டில் தண்ணீர், இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். சராசரி 66 நாள்! சிலருக்கு 18, சிலருக்கு 254! நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பதையும் அவர்களே அளந்து சொல்லிவிட்டார்கள்!

கடைசியாக என் செல்லம். படிக்கட்டு!

லிஃப்ட்டை விட்டு 10 நிமிடம் படி ஏறி இறங்குங்கள். தூக்கம் போதாத மாணவிகளை வைத்து ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2017-ல் சோதித்தது. ஒரு குளிர்பான கேனில் இருக்கும் அளவு, 50 மில்லிகிராம் காஃபின் கொடுத்த தெம்பைவிட, படிக்கட்டு கொடுத்த தெம்பு அதிகம்! எட்டு மணி வகுப்புக்குத் தூங்கி வழிபவர்கள் கவனிக்க!

இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 2024-ல் 4,80,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. படி ஏறுபவர்களுக்கு இதய நோயால் இறக்கும் ஆபத்து 39 சதவீதம் குறைவு!

ஹார்வர்டின் பழைய மாணவர்கள் 16,936 பேரை ஆய்வாளர் ரால்ஃப் பாஃபன்பார்கர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். எத்தனை படி ஏறினீர்கள், எத்தனை தெரு நடந்தீர்கள், இதுதான் கேள்வி. வாரத்துக்கு 2,000 கலோரி எரித்தவர்களின் இறப்பு விகிதம் 28 சதவீதம் குறைவு! அவரே 45 வயதில் ஓட ஆரம்பித்து எத்தனை மாரத்தான் ஓடினார் தெரியுமா? 150-க்கும் மேல்!

இந்த வித்தை எல்லாவற்றுக்கும் விதை எங்கே விழுந்தது? லண்டன் டபுள் டெக்கர் பஸ்ஸில்! டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேல்தளம், கீழ்தளம் என்று நாள் முழுக்க ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்! ஒரே பஸ், ஒரே புகை, ஒரே நெரிசல். ஆனால் மாரடைப்பு? கண்டக்டர்களுக்குக் குறைவு! 1953-ல் இதை உலகுக்குச் சொன்னவர் ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ். உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்பதற்கு முதல் பெரிய ஆதாரம் ஜிம்மில் கிடைக்கவில்லை, பஸ் படியில் கிடைத்தது!

அதே லண்டன் டபுள் டெக்கர்கள் இரண்டை 1968-ல் வாங்கி ஓட்ட ஆரம்பித்தவர்கள் யார் தெரியுமா? நம்ம டேவிஸ் பல்கலைக்கழக மாணவர்கள்! இன்றைக்கும் அந்த ஊர் பஸ்களுக்கு மாணவர்கள்தான் டிரைவர்கள்!

படிக்கட்டின் பலனைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஜெர்ரி மாரிஸ் எத்தனை வயது வரை வாழ்ந்தார்? 1910-ல் பிறந்தார், 2009-ல் மறைந்தார். 99!